வீட்டிலேயே பைக்குக்குப் பெயின்ட்: பெட்ரோலுக்குத் தாங்குகிற மாதிரி அடிக்க ஒரு முழு வழிகாட்டி

அப்பாவின் ஸ்ப்ளெண்டருக்கு நான் முதல் தடவை பெயின்ட் அடித்தபோது அது பதினைந்து நாள் ரொம்ப அழகாக இருந்தது. இரண்டு கறுப்பு ஸ்ப்ரே டப்பா, ஒரு கிளியர் டப்பா, மொட்டை மாடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெருவில் நாலு பேர் "எங்கே குடுத்து அடிச்சே?" என்று விசாரித்தார்கள். பதினாறாம் நாள் பங்க்கில் பெட்ரோல் கொஞ்சம் வழிந்துவிட்டது. மூடிக்குக் கீழே ஓடியதைத் துணியால் துடைத்தேன். துணியோடு பெயின்ட்டும் வந்துவிட்டது. உள்ளங்கை அகலத்துக்கு அடிப்பூச்சான சாம்பல் நிறப் பிரைமர் பல்லைக் காட்டியது.

அன்றைக்குத்தான் புரிந்தது, நான் வேலையைத் தலைகீழாக யோசித்திருக்கிறேன் என்று. எல்லோரும் முதலில் நிறத்தைத்தான் முடிவு செய்கிறோம். பைக் டேங்க்கைப் பொறுத்தவரை முதலில் முடிவு செய்ய வேண்டியது கடைசிக் கோட், அதாவது நிறத்துக்கு மேலே அடிக்கும் நிறமில்லாத கிளியர். சாதாரண ஸ்ப்ரே டப்பா பெயின்ட்டில் இருக்கிற தின்னர் ஆவியாகிப் போனதும் அது காய்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். அதன்மேல் பெட்ரோல் பட்டால் திரும்பவும் இளகிவிடும். பங்க்கில் இப்போது கிடைக்கிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் வேறு கலந்திருக்கிறது. இதற்குத் தாங்குவது 2கே என்று கடைகளில் சொல்லும் வகை. அதில் பெயின்ட் ஒரு டப்பா, ஹார்டனர் ஒரு டப்பா. இரண்டும் கலந்ததும் வேதிவினை நடந்து இறுகிப்போகும். முழுதாக இறுகியபின் பெட்ரோல் பட்டுத் துடைத்தாலும் அசையாது.

ஆகவே நிறம் எந்த வகையில் இருந்தாலும் மேலே 2கே கிளியர்தான் என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குக் கீழே பொருந்தி வர வேண்டும்.

நிறமும் ஆர்சி புத்தகமும்

வண்டியின் நிறம் ஆர்சியில் பதிவாகியிருக்கிறது. அதே நிறம் அடித்தால் எந்தத் தொந்தரவும் இல்லை. மாற்றுவதாக இருந்தால் ஆர்டிஓ அலுவலகத்தில் விண்ணப்பித்து ஆர்சியில் மாற்ற வேண்டும். முதலில் அடித்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வழியில் நிறுத்திக் கேட்கும்போதும், வண்டியை விற்கும்போதும் அவஸ்தைதான்.

முதல் முயற்சிக்கு என் சிபாரிசு, மெட்டாலிக் இல்லாத சாதா நிறம். சிவப்போ கறுப்போ எதுவானாலும் சரி. கறுப்பில் நிறம் பொருந்துமா என்ற கவலையே இல்லை. ஆனால் டேங்க்கில் இருக்கிற ஒவ்வொரு ஒடுக்கையும் அது ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும். மெட்டாலிக்கில் கோட்டுக்குக் கோட் தூரமும் வேகமும் மாறினால் திட்டுத் திட்டாகத் தெரியும். அதை இரண்டாவது வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சரியான ஷேடு வேண்டுமென்றால் ஒரு சைடு பேனலைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆட்டோமொபைல் பெயின்ட் கலந்து கொடுக்கும் கடைக்குப் போங்கள். வெயில் படாத உட்பக்கத்தைக் காட்டுங்கள், வெளிப்பக்கம் வெளுத்திருக்கும். சென்னையில் இருப்பவர்கள் பழைய பேனல், மூடி போன்றவற்றைப் புதுப்பேட்டையில் தேடலாம். உடைந்த பேனலுக்குப் பட்டி பூசி மல்லுக்கட்டுவதைவிட அது சுலபம்.

நாள் பார்ப்பது

சோதிடம் இல்லை, காற்றில் இருக்கும் ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடித்தால் பெயின்ட் வெள்ளையாகப் பூத்துவிடும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் பனிபோலப் படிவதுதான் காரணம். ஆடியில் அடித்தால் தெருப் புழுதி பூராவும் டேங்க்கில் இருக்கும். சித்திரை வெயிலில் நடுப்பகலில் அடித்தால் துளிகள் தகட்டைத் தொடும் முன்பே காய்ந்து, கை வைத்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். தை, மாசியில் காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டுக்குள், பனி விலகிக் காற்று கிளம்பாத நேரம் எனக்குச் சரிப்பட்டு வந்தது. கடலோரத்தில் இருப்பவர்கள் கடைக்காரரிடம் மெதுவாக ஆவியாகும் தின்னர் கேட்டு வாங்குங்கள்.

மாலையில் விளக்கைப் போட்டுக்கொண்டு அடிக்கவே வேண்டாம். ஈசல் வந்து விழும்.

மூச்சும் நெருப்பும்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 2கே ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. அதன் புகையைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு இழுக்கும். கொரோனா காலத்து மாஸ்க்கோ, முகத்தில் கட்டிய கைக்குட்டையோ இதற்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை. பெரிய பட்டறைகளில் வெளியிலிருந்து குழாய் வழியாக நல்ல காற்று வரும் முகமூடி போட்டுக்கொண்டு அடிக்கிறார்கள். வீட்டில் அது நடக்காது. குறைந்தபட்சம் பெயின்ட் ஆவியை வடிகட்டும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாட்டிய முகமூடி, கண்ணாடி, நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை, நாலு பக்கமும் திறந்த இடம். பூட்டிய அறையில் அடிக்கவே கூடாது. குழந்தைகள், கர்ப்பிணிகள், வீசிங் இருப்பவர்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது. உங்களுக்கே வீசிங் இருந்தால் 2கே பக்கம் போகாதீர்கள்.

அப்படிப்பட்டவர்களுக்கு, முகமூடிக்குச் செலவு செய்ய மனம் வராதவர்களுக்கும்தான், நான் சொல்லும் வழி இது: நிறம் வரைக்கும் வீட்டில் முடித்துவிட்டு, கிளியர் மட்டும் பெயின்ட் பட்டறையில் அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். கீழே என்ன வகைப் பெயின்ட் இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள். கஷ்டமான பாடு முழுவதும் நீங்கள் பட்டிருப்பதால் கூலி குறைவாகத்தான் வரும். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

நெருப்பு விஷயம் தெரிந்ததுதான். ஆனாலும் நம் வீடுகளில் காலையில் சாமி விளக்கு எரியும், சாம்பிராணி போடுவார்கள், அடுப்படி ஜன்னல் மாடிப்படிப் பக்கம் திறந்திருக்கும். அடிக்கிற அன்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

கழற்றுவது

பழைய ஸ்ப்ளெண்டரில் சீட்டைக் கழற்றினால் டேங்க்கின் பின்பக்க போல்ட் தெரியும். டேங்க்கின் அடியில் பெட்ரோலை நிறுத்தும் திருகை (காக்) மூடி, டியூபைப் பிடுங்கி, போல்ட்டை எடுத்துவிட்டுப் பின்பக்கம் லேசாகத் தூக்கி இழுத்தால் முன்பக்க ரப்பரிலிருந்து டேங்க் வழுக்கிக்கொண்டு வரும். பெட்ரோல் அளவு காட்டும் கேஜ் இருக்கும் மாடல் என்றால் அடியில் ஒயரைக் கழற்ற மறக்காதீர்கள். சைடு பேனல்கள் ரப்பர் துளைகளில் செருகியிருக்கும். ஒரு மூலையை மட்டும் பிடித்து இழுத்தால் காது உடையும், ஒவ்வொரு முளையாகக் கிளப்ப வேண்டும்.

பெட்ரோலை வடித்து, காக் திருகையும் கழற்றி, டேங்க்கைச் சோப்புத் தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசி உலர விடுங்கள். காலி டேங்க் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்தானது, உள்ளே நிற்கும் ஆவிக்கு ஒரு பொறி போதும். கிரைண்டர், கேஸ் டார்ச் எதையும் அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஒடுக்கு பெரிதாக இருந்தால் இந்தக் கட்டத்திலேயே டிங்கர் வேலை தெரிந்தவரிடம் கொடுத்து எடுத்துவிடுங்கள்.

சேஸிஸ், ரிம் இவற்றை ஸ்ப்ரே அடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பவுடர் கோட்டிங்தான் அதற்குச் சரி. அதற்கு வண்டியையே பிரிக்க வேண்டும். சைலென்சருக்குச் சூடு தாங்கும் தனிப் பெயின்ட் உண்டு. யார் என்ன அடித்தாலும் சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் பெயின்ட்டால் மூடிப்போகக் கூடாது.

தேய்ப்பது

மொத்த வேலையில் முக்கால்வாசி இதுதான். இரண்டாம் முறை அடித்தபோது நான் டேங்க், இரண்டு சைடு பேனல், வால் பேனல், முன் மட்கார்டு ஆகியவற்றுக்குத் தேய்க்க மட்டும் மூன்று சாயங்காலம் எடுத்துக்கொண்டேன். பெயின்ட் அடித்த நேரத்தைக் கூட்டினால் ஒரு மணி நேரம்கூட வராது.

தேய்க்கும் முன்பு பாத்திரம் துலக்கும் சோப்பால் நன்றாகக் கழுவுங்கள். எண்ணெய் இருக்கும்போதே தேய்த்தால் அதைக் கீறலுக்குள் அமுக்கிவிடுவீர்கள். பழைய ஸ்டிக்கரை வெந்நீரில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் போட்டு வைத்து, மூலையிலிருந்து மெதுவாக உரிக்கலாம்.

பழைய பெயின்ட் முழுவதையும் தகடு வரை சுரண்ட வேண்டியதில்லை. கம்பெனி பெயின்ட் கெட்டியாகப் பிடித்திருந்தால் அதுவே நல்ல அடித்தளம். பளபளப்புப் போகும்படி 400 நம்பர் வாட்டர் பேப்பரை, அதாவது ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளை (நம்பர் ஏற ஏறச் சொரசொரப்பு குறையும்), தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். கொப்புளம், பொருக்கு, துரு இருக்கும் இடத்தில் மட்டும் 80 அல்லது 120 நம்பரில் தொடங்கி நல்ல தகடு தெரியும் வரை போக வேண்டும். அப்புறம் 220, 320 என்று ஏறி வந்து, பழைய பெயின்ட் முடிந்து தகடு தொடங்கும் விளிம்பைச் சரிவாக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் குறுக்கே தடவிப் பாருங்கள். படி மாதிரி தட்டுப்பட்டால் இன்னும் தேய்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத படி, கிளியர் அடித்தபின் வரப்பு மாதிரித் தெரியும்.

தட்டையான இடத்தில் உப்புத்தாளை ரப்பர் கட்டையிலோ, பழைய ஹவாய் செருப்பை நறுக்கிய துண்டிலோ சுற்றித் தேயுங்கள். விரலால் தேய்த்தால் விரல் பட்ட இடமெல்லாம் பள்ளமாகும். டேங்க்கின் முனைகளில் நேர்மாறு, அங்கே கட்டையை வைத்தால் ஒரே நிமிடத்தில் தகடு தெரிந்துவிடும். கையால் லேசாகப் போதும்.

பிளாஸ்டிக் பேனலைத் திருப்பிப் பாருங்கள். உட்புறத்தில் சின்ன எழுத்தில் பிளாஸ்டிக்கின் வகை, ஏபிஎஸ் (ABS) என்றோ பிபி (PP) என்றோ அச்சு வார்த்திருக்கும். ஏபிஎஸ்ஸில் பெயின்ட் சுலபமாகப் பிடிக்கும். பிபி என்றால் பிளாஸ்டிக்குக்கென்று இருக்கிற பிரைமர் முதலில் அடிக்காவிட்டால் நகத்தால் உரித்தாலே தோல் தோலாக வரும். பெயின்ட் ரிமூவரைப் பிளாஸ்டிக்கில் தொடவே கூடாது, பேனல் இளகிப்போகும்.

பட்டி

சின்னக் கீறலுக்கு டப்பாவிலிருந்து அப்படியே எடுத்துப் பூசும் என்சி பட்டி, ஒடுக்குக்கு ஹார்டனர் கலக்கும் பாடி ஃபில்லர். இரண்டும் வேறு வேறு. என்சி பட்டியைத் தடிமனாகப் பூசினால் மேலே காய்ந்து உள்ளே காயாமல் கிடந்து, மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். ஃபில்லருக்கு எலுமிச்சை அளவு எடுத்தால் பெரிய பட்டாணி அளவு ஹார்டனர், எடையில் சுமார் 2 சதவீதம். நம் ஊர் வெயிலில் நாலைந்து நிமிடத்தில் கையிலேயே இறுகிவிடும். ஆகவே தோசை மாவு மாதிரி நிறையக் கலக்காதீர்கள், சட்னி அளவு போதும். வெறும் தகட்டின் மேலோ தேய்த்த பெயின்ட்டின் மேலோ மெல்லியதாக இழுத்து, காய்ந்ததும் அடுத்த பூச்சு.

ஃபில்லரைத் தண்ணீர் போட்டுத் தேய்க்காதீர்கள். அது தண்ணீரைக் குடிக்கும். அந்த ஈரம் தகட்டில் போய் உட்கார்ந்து, ஆறு மாதம் கழித்துக் கொப்புளமாக எழும். காய்ந்தபடியே 120, 220 என்று தேயுங்கள், தூசிக்கு மூக்கை மூடிக்கொள்ளுங்கள். பிரைமரும் ஈரம் இழுக்கும் சாதிதான். பிரைமர் அடித்த டேங்க்கை மழையில் விட்டு வைக்க வேண்டாம்.

பிரைமர்

வாசல் கேட்டுக்கு அடித்தது போக மிச்சமிருக்கும் ரெட் ஆக்சைடை இதற்கு எடுக்காதீர்கள். வண்டிக்கென்று விற்கும் சாம்பல் நிறப் பிரைமர் சர்ஃபேசர் வாங்குங்கள். தகடு தெரியும் இடத்தில் எபாக்சி பிரைமர் என்றால் இன்னும் நல்லது, துருவுக்குத் தாங்கும்.

அடிக்கும் இடத்தில் தரையில் தண்ணீர் தெளித்துவிடுங்கள், வாசல் தெளிப்பதுபோல. தூசி அமுங்கும். நாலு பக்கமும் பழைய கொசுவலை கட்டினால் பூச்சி வராது, காற்றோட்டமும் இருக்கும். டேங்க்கின் வாயையும் காக் துளையையும் டேப்பால் அடைத்து, கவிழ்த்த பக்கெட்டின்மேல் வையுங்கள்.

கடைசித் துடைப்பு முக்கியம். வேக்ஸ், எண்ணெய் எடுக்கும் திரவமோ, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ தொட்ட துணியால் ஒரு தடவை, உடனே காய்ந்த துணியால் இன்னொரு தடவை. அதற்குப் பிறகு வெறும் கை படக் கூடாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்திருக்கிறோம், அதே கையால் டேங்க்கைத் தடவி "வழவழன்னு வந்திருக்கே" என்று ரசிப்போம். அந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகி மீன் கண் மாதிரி குழி விழும். சிலிகான் பாலிஷ் பட்டாலும் இதே கதை.

இரண்டு கோட், நடுவில் பத்துப் பதினைந்து நிமிடம். டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் காய்ந்ததும் ஒரு தந்திரம்: கறுப்பு ஸ்ப்ரேயைத் தூரத்திலிருந்து பூ தூவுவதுபோல லேசாகத் தூவிவிட்டு 600 நம்பரில் தேயுங்கள். மேடு முதலில் வெளுக்கும், பள்ளத்தில் கறுப்புப் புள்ளி நிற்கும். எங்கே பட்டி வேண்டும், எங்கே வேண்டாம் என்று டேங்க்கே சொல்லிவிடும். என் டேங்க்கில் முட்டி படும் இடத்தில் ஓர் எட்டணா அளவு கறுப்பு கடைசி வரை போகவில்லை. இரண்டாவது தடவை பட்டி போட வைத்தது. முதல் முயற்சியில் அந்தப் பள்ளம் இருப்பதே எனக்குத் தெரியாது.

நிறம்

டப்பாவை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். தூரம் ஒரு சாண். பொருளுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, குறுக்கே போய், மறுபக்கம் வெளியே வந்ததும் விடுங்கள். மணிக்கட்டைச் சுழற்றாமல் கை முழுவதும் நகர வேண்டும், விசிறி வீசுவது மாதிரி அல்ல. ஒவ்வொரு இழுப்பும் முந்தையதில் பாதியை மூட வேண்டும்.

முதல் கோட்டில் அடியிலுள்ள சாம்பல் தெரியத்தான் செய்யும். தெரிகிறதே என்று அங்கேயே நின்று அடித்தால் வழியும். மூன்று நான்கு மெல்லிய கோட், நடுவில் பத்துப் பதினைந்து நிமிடம். ஒரு 400 மில்லி டப்பா டேங்க்குக்கு ஏறத்தாழ இரண்டு கோட் வரும். பேனல்களையும் சேர்த்தால் மூன்று டப்பா வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தீர்ந்து கடைக்கு ஓடுவது போன்ற வேதனை வேறில்லை.

கம்ப்ரசரும் ஸ்ப்ரே கன்னும் கிடைத்தால் 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் நாசில், 25 முதல் 30 பிஎஸ்ஐ அழுத்தம். தொடங்கும் முன்பு கம்ப்ரசர் டேங்க்கின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். முதலில் பழைய தகரத்தில் இரண்டு இழுப்பு.

வழிந்துவிட்டால் தொடாதீர்கள். விரலால் துடைத்தால் ஒரு கோடு ஒரு சாண் அசிங்கமாகும். மறுநாள் கெட்டியானதும் பிளேடால் மெல்லச் சீவி, 1000 நம்பரில் தேய்த்து மறுபடி ஒரு கோட். பூச்சி விழுந்தாலும் அப்படித்தான், காய்ந்தபின் இடுக்கியால் எடுங்கள்.

ஸ்டிக்கர் ஒட்டுவது இந்தக் கட்டத்தில், கிளியருக்கு முன்பு. நிறம் நன்றாகக் காய்ந்த மறுநாள் ஒட்டி, குமிழியை ஊசியால் குத்தி அமுக்கிவிடுங்கள். கிளியர் மேலே மூடியதும் ஓரம் கிளம்பாது. கடையிலேயே ஒரு துண்டு ஸ்டிக்கரில் தின்னர் தொட்டு மை கரைகிறதா என்று பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம். எனக்கு ஒன்று கரைந்தது.

கிளியர்

கன் இல்லாதவர்களுக்கு 2கே கிளியர் ஸ்ப்ரே டப்பாவாகவே வருகிறது. அடியில் இருக்கும் குமிழை அழுத்தினால் உள்ளே ஹார்டனர் உடைந்து கலக்கும். அதன் பிறகு ஒன்றிரண்டு நாள்தான் அதற்கு ஆயுள், மீதம் டப்பாவுக்குள்ளேயே கல்லாகிவிடும். ஆகவே எல்லாப் பாகமும் தயாரான பிறகு அழுத்துங்கள். கன்னில் அடிப்பவர்களுக்குக் கலவை அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டின்னில் போட்டிருப்பதுதான் கணக்கு, பக்கத்துக் கடைக்காரர் சொல்வது அல்ல.

கீழே டப்பா நிறம், மேலே 2கே என்றால் சில சமயம் மேல் கோட் கீழ்க் கோட்டைச் சுருக்கிவிடும், பாலாடை மாதிரி. பழைய கரண்டியிலோ தகரத்திலோ அதே வரிசையில் அடித்துப் பார்த்துவிட்டு டேங்க்குக்கு வாருங்கள். டேங்க்கிலும் முதல் கோட் தூவுகிற மாதிரிதான். பத்து நிமிடம் கழித்து இரண்டு நனைந்த கோட். அந்தக் கோட்டில்தான் பளபளப்பு வரும், வழிகிறதும் அதே கோட்டில்தான். வெளிச்சம் டேங்க்கில் பிரதிபலிக்கிற பக்கமாக நின்று பார்த்தபடியே அடியுங்கள். ஈரம் ஒன்றாகச் சேர்ந்து கண்ணாடி மாதிரி ஆகும் நொடியில் கை நகர்ந்துவிட வேண்டும்.

மூடி உட்காரும் வாய் ஓரத்தை விட்டுவிடாதீர்கள். பெட்ரோல் முதலில் கடிப்பது அங்கேதான். என் முதல் பெயின்ட் உரியத் தொடங்கியதும் அங்கேதான்.

பாலிஷும் மாட்டுவதும்

தொட்டால் ஒட்டாமல் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். அதை நம்பி அன்று மாலையே மாட்டக் கூடாது. ஒரு வாரம் அறையில் வைத்தேன். வீட்டில் ஆளாளுக்கு "இன்னுமா?" என்றார்கள். ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடுபள்ளம் இருந்தால் 1500, பிறகு 2000 நம்பரில் நிறையத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டை மெல்லிய துணியில் எடுத்துப் பளபளப்பு ஏறும் வரை தேயுங்கள். முனைகளை விட்டுவிடுங்கள், அங்கே கிளியர் மெல்லிசு. வேக்ஸ் ஒரு மாதத்துக்கு வேண்டாம்.

மாட்டும் முன்பு டேங்க்கின் அடிப்பக்கம், யாரும் பார்க்காத இடத்தில், பஞ்சில் பெட்ரோல் நனைத்து அரை நிமிடம் வைத்துத் துடைத்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினாலோ, தொட்டால் பிசுக்கென்று இருந்தாலோ இன்னும் இறுகவில்லை என்று அர்த்தம், இன்னொரு வாரம் விடுங்கள்.

டேங்க் மூடியின் ரப்பர் வாஷரையும் காக்கின் வாஷரையும் புதிதாகப் போடுங்கள். பழைய மூடி ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் பெட்ரோல் கசிந்து கசிந்து ஓரத்தைத் தின்னும். முன்பக்க ரப்பர் புஷ்களில் சோப்புத் தண்ணீர் தடவினால் டேங்க் கீறாமல் உள்ளே போகும். ஹேண்டிலில் ஒரு துண்டைச் சுற்றிவிடுங்கள், புதுப் பெயின்ட்டில் முதல் கீறல் விழுவது பெரும்பாலும் மாட்டும்போதுதான். அரை லிட்டர் பெட்ரோல் மட்டும் ஊற்றி, வண்டிக்கு அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் தாளில் கறை இல்லாவிட்டால் பங்க்குக்குக் கிளம்பலாம்.